பழுப்பாக வரும் டிஎன்ஏவும் ஆய்வாளர் ஆகும் வழியும்

கேள்வி: தாவரவியலில் முதுகலை முடித்துவிட்டேன். தாவர மரபியல், மூலக்கூறு உயிரியல் ஆய்வுக்குப் போக ஆசை. முதலில் எதைக் கற்க வேண்டும்? பயிற்சியின்போது முற்றிய இலையிலிருந்து எடுத்த டிஎன்ஏ பழுப்பாக வந்தது; பிசிஆரில் (டிஎன்ஏவின் ஒரு பகுதியைப் பல மடங்கு படியெடுக்கும் முறை) பட்டையே (ஜெல் என்னும் கூழில் டிஎன்ஏ காட்டும் கோடு) விழவில்லை.

பதில்: அந்தப் பழுப்பிலிருந்தே தொடங்குங்கள். அது ஏன் வந்தது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கு எந்த ஆய்வகத்திலும் மதிப்பு உண்டு.

இலையை அரைத்ததும் அதிலுள்ள பாலிஃபீனால்கள் காற்றுப்பட்டுக் கறுத்து டிஎன்ஏவோடு ஒட்டிக்கொள்கின்றன. பிறகு எத்தனை முறை கழுவினாலும் முழுதாகப் போகாது. பிசிஆர் நொதியையும் முடக்கிவிடும். எனவே இளந்தளிராக 100 மில்லிகிராம் எடுங்கள். திரவ நைட்ரஜனில் அரைத்த பொடி இளகுவதற்குள் 65 டிகிரி சூட்டிலிருக்கும் சிடிஏபி (செல்லை உடைத்து டிஎன்ஏவைப் பிரிக்க உதவும் சோப்புப் போன்ற பொருள்) கரைசலில் போட்டுவிட வேண்டும். இந்தச் சில நொடித் தாமதத்தில்தான் பலருக்கும் காரியம் கெடுகிறது. கரைசலில் சிடிஏபி 2 சதவீதம், சோடியம் குளோரைடு 1.4 மோலார் (லிட்டருக்கு 82 கிராம்), பாலிஃபீனால்களைப் பிடித்துக்கொள்ளும் பிவிபி 2 சதவீதம் இருக்கட்டும். கறுப்பதைத் தடுக்கும் மெர்காப்டோஎத்தனாலைக் கடைசி நேரத்தில், நச்சுப்புகை வெளியேற்றும் பெட்டிக்குள் வைத்துச் சேருங்கள். அரை மணி நேரம் கழித்து அறை வெப்பத்துக்கு ஆறவிடுங்கள். பனிக்கட்டியில் வைக்காதீர்கள், குளிரில் சிடிஏபியே படிந்துவிடும். குளோரோஃபார்ம் சேர்த்துச் சுழற்றியபின் டிஎன்ஏ உள்ள மேலடுக்கை மட்டும் எடுங்கள். கடைசித் துளிக்கு ஆசைப்பட்டால் நடுவிலுள்ள புரதப் படலமும் கூடவே வந்துவிடும்.

கையிலிருக்கும் பழைய டிஎன்ஏவையும் கொட்டிவிட வேண்டாம். 10 மடங்கு நீர்த்துப் பிசிஆர் போடுங்கள். பட்டை விழுந்தால் கோளாறு நொதியை முடக்கும் தடுப்புப்பொருளில்தான். விழாவிட்டால் டிஎன்ஏ சிதைந்ததா என ஜெல்லில் பாருங்கள். அது நன்றாக இருந்தால் பிரைமரைச் (படியெடுக்க வேண்டிய இடத்தைக் குறிக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) சந்தேகியுங்கள்.

கருவி வேலையைப் பழகிவிடலாம். மரபியல் சிந்தனைக்குத்தான் நாளாகும். ஒரு குட்டைச் செடியில் ஏதோ ஒரு மரபணு பழுதாகியிருக்கிறது என்பதாலேயே அதுதான் காரணம் என்று எழுதிவிட முடியாது. இயல்பான செடியோடு கலப்புச் செய்து, இரண்டாம் தலைமுறையில் இயல்பானவையும் குட்டையானவையும் 3:1 விகிதத்தில் வருகிறதா, குட்டையானவை எல்லாவற்றிலும் அந்தப் பழுது இருக்கிறதா என்று பாருங்கள். அதே மரபணுவில் வேறு சடுதிமாற்றமும் குட்டையாக்குகிறதா, நல்ல மரபணுவைத் திருப்பிக் கொடுத்தால் செடி நிமிர்கிறதா என்பதையும் சோதிக்க வேண்டும்.

இதற்கெல்லாம் தலைமுறைகள் தேவை. ஆய்வகங்களில் வளர்க்கும் சிறுசெடியான அராபிடாப்சிஸ் சுமார் 6 முதல் 8 வாரத்தில் விதை தரும், மரப்பயிருக்கு ஆண்டுக்கணக்காகும். முனைவர் பட்டத்துக்குச் சேருமுன் எந்தச் செடி, கலப்புகள் முன்பே தயாரா என்று வழிகாட்டியிடம் கேட்டுவிடுங்கள்.