38 புள்ளியை நம்பவா, ரீச்சரை நம்பவா?

கேள்வி: மகள் தரம் 4. தவணைப் பரீட்சையில் கணிதத்துக்கு 38 புள்ளி. ரீச்சரைக் கேட்டால், "வகுப்பில நல்லாத்தான் செய்யிறா" என்கிறார். எதை நம்புவது? அடுத்த வருடம் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை வேறு. ரியூசனுக்கு அனுப்பவா?
– ஒரு தாய், ஒட்டுசுட்டான்

பதில்: இரண்டுமே உண்மையாக இருக்கலாம், தங்கச்சி. வகுப்பில் ரீச்சர் கரும்பலகையில் ஒரு கணக்கைச் செய்து காட்டிய கையோடு பிள்ளை செய்கிறாள். பரீட்சையில் கேள்வியைத் தானே வாசித்து, கூட்டுவதா கழிப்பதா என்று தானே முடிவெடுக்க வேண்டும்.

தேர்ச்சி அறிக்கையை மூடி வைத்துவிட்டு விடைத்தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். 402இலிருந்து 178ஐக் கழிக்கச் சொன்னதற்கு 376 என்று எழுதியிருக்கிறாளா? அது கவனக்குறைவு இல்லை. 2இலிருந்து 8 போகாது என்றதும் 8இலிருந்து 2ஐக் கழித்திருக்கிறாள். அடுத்த இடத்திலும் அதே வேலை. இப்படி ஐந்து கணக்கு வந்தால் ஐந்துக்கும் புள்ளி போகும். திருத்த வேண்டிய பிழை ஒன்றுதான். ஈர்க்குகளைப் பத்துப் பத்தாகக் கட்டிக் கொடுத்து, 52இலிருந்து 18ஐ எடுக்கச் சொல்லுங்கள். ஒரு கட்டை அவிழ்க்காமல் எடுக்க முடியாது என்று அவளே கண்டுபிடிப்பாள்.

வசனக் கணக்குகளை மட்டும் விட்டிருந்தால், நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். உடனே செய்துவிட்டாள் என்றால் சிக்கல் கணிதத்தில் இல்லை, வாசிப்பில்.

அப்புறம் ரீச்சர். "நல்லாத்தான் செய்யிறா" என்பது ஆறுதல், அவ்வளவுதான். ஆரம்பப் பிரிவில் ஒவ்வொரு கட்டத்துக்கும் அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகள் என்று, அதாவது பிள்ளைக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியவை என்று, வகுத்திருக்கிறார்கள். அவற்றில் மகள் இன்னும் அடையாதவை எவை என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடம் விடுகிற நேரம் வாசலில் மறித்துக் கேட்க வேண்டாம். வன்னியின் சின்னப் பள்ளிக்கூடங்களில் ஒரே ஆசிரியர் இரண்டு தரங்களைச் சேர்த்துப் பார்ப்பதும் உண்டு. முன்கூட்டியே சொல்லிவிட்டு, விடைத்தாளோடு போங்கள்.

ரியூசன் இப்போது வேண்டாம் என்பேன். அங்கே பெரும்பாலும் மாதிரி வினாத்தாள்களாகச் செய்விப்பார்கள்; கழித்தல் பிழை அப்படியே கிடக்கும். புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளி எடுக்காத பிள்ளையும் தரம் 6க்குப் போகத்தான் போகிறாள். முதலில் அந்த விடைத்தாளை வாங்குங்கள்.