தலையில் இரண்டு சக்கரம் சுழலும் அந்த நுண்ணுயிர் எது?

குளத்து நீரில் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்தபோது தலையில் இரண்டு சக்கரம் சுழலும் 'பூச்சி' தெரிந்ததாகச் சொல்கிறீர்கள். அது ரோட்டிஃபர். பூச்சியும் இல்லை, பாக்டீரியாவும் இல்லை. வாய், குடல், மூளை, தசை எல்லாம் உள்ள முழு விலங்கு. அத்தனையும் சுமார் 1,000 செல்களுக்குள். உடம்பு பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது.

சக்கரம் சுழலவில்லை, நம் கண்தான் ஏமாறுகிறது. தலையைச் சுற்றி வரிசையாக நுண்மயிர்கள் இருக்கின்றன. வயலில் காற்றடித்தால் கதிர்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாயுமே, அதுபோல அவை அடுத்தடுத்து அசைகின்றன. அலை ஓடுவது சக்கரம் ஓடுவதுபோலத் தெரிகிறது. அந்த நீரோட்டம் பாசித் துணுக்குகளை வாய்க்கு இழுத்து வரும்.

அடுத்த முறை தலைக்குக் கீழே கவனியுங்கள். கண்ணாடி போன்ற உடம்புக்குள் ஏதோ ஓயாமல் துடிக்கும். நானும் முதலில் இதயம் என்றுதான் நினைத்தேன். ரோட்டிஃபருக்கு இதயமே கிடையாது; அது இரையை அரைக்கும் தாடை! 100 மடங்கு உருப்பெருக்கமே போதும். ஓடிக்கொண்டே இருந்தால் சொட்டில் இரண்டு பஞ்சு இழைகளைப் போடுங்கள், வேகம் குறையும்.

சொட்டு காய்ந்தாலும் கண்ணாடியை உடனே கழுவிவிடாதீர்கள். டெல்லாய்டு வகை ரோட்டிஃபர்கள் உருண்டையாகச் சுருங்கி உலர்ந்து கிடந்து, நீர் பட்டதும் எழுந்துவிடும். 1702-லேயே நுண்ணோக்கி ஆய்வின் முன்னோடி லீவன்ஹூக் இதைப் பார்த்து எழுதியிருக்கிறார். சைபீரிய உறைமண்ணில் 24,000 ஆண்டுகள் கிடந்தவைகூட உயிர்பெற்றதாக 2021-ல் ஓர் ஆய்வு வெளியானது. இந்த வகையில் ஆண்களை இதுவரை யாரும் பார்த்ததில்லை, எல்லாமே பெண்கள்.