ஆஸ்கரில் யார் வெல்வார் என்று கணிப்பது எப்படி? பட்டியலில் ஏன் எப்போதும் ஒரே மாதிரி முகங்கள்?

கேள்வி: மும்பையில் தாராவி, மாட்டுங்கா, செம்பூர்ப் பக்கத்துத் தமிழர்கள் 40 பேர் வாட்ஸ்அப் குழு ஒன்றில் ஆண்டுதோறும் ஆஸ்கர் கணிப்புப் போட்டி நடத்துகிறோம். நல்ல படம் எது என்று பார்த்துப் போட்டால் கணிப்பு தவறிவிடுகிறது. பட்டியலில் கறுப்பினத்தவர், ஆசியர், பெண்கள் ஏன் இவ்வளவு குறைவு என்ற விவாதமோ எங்கும் போய்ச் சேராமல் சண்டையில் முடிகிறது. இரண்டையும் எப்படி முறையாக அணுகுவது?

பதில்:

தாளில் ஒவ்வொரு பிரிவுக்கும் இரண்டு கட்டம் போடுங்கள். ஒன்று ‘வெல்லப்போவது’, இன்னொன்று ‘வெல்ல வேண்டியது’. புள்ளி முதல் கட்டத்துக்கு மட்டும். இரண்டும் ஒரே கட்டத்தில் கிடப்பதால்தான் உங்கள் குழுவில் பாதிச் சண்டை வருகிறது. ஒருவர் தன் ரசனையைச் சொல்வார், அடுத்தவர் அதைக் கணிப்பு என்று எடுத்துக்கொண்டு மறுப்பார்.

அடுத்தது எண்ணும் முறை. பரிந்துரைக்கு ஒரு விதி, இறுதிச் சுற்றுக்கு வேறு விதி.

ஆஸ்கர் தரும் அகாடமியின் உறுப்பினர்கள் தொழில்வாரியாகக் கிளைகளாகப் பிரிந்திருக்கிறார்கள். பரிந்துரைச் சுற்றில் நடிகர்கள் நடிகர்களையும், இயக்குநர்கள் இயக்குநர்களையும், ஒளிப்பதிவாளர்கள் ஒளிப்பதிவாளர்களையும் தேர்கிறார்கள். சிறந்த படத்துக்கு எல்லாக் கிளையினரும் பரிந்துரைக்கலாம். வாக்குச்சீட்டில் விருப்ப வரிசைப்படி பெயர்களை எழுத வேண்டும். 5 இடம் உள்ள பிரிவில் 1,200 சீட்டு வந்தால், அதை 6 ஆல் வகுத்து 1 கூட்டுங்கள். 201 வரும். முதலிட வாக்கில் அந்த எண்ணைத் தொட்டவர் பட்டியலுக்குள் வந்துவிடுவார். 10 இடம் உள்ள சிறந்த படப் பிரிவில் 9,900 சீட்டு வந்தால் வகுக்க வேண்டியது 11 ஆல், தொட வேண்டிய எண் 901. ஆகவே பரிந்துரைக்குத் தேவை, ஒரு சிறு கூட்டத்தின் முதலிடம். ஆயிரம் பேர் ‘நல்லாத்தான் இருக்கு’ என்று நான்காம் இடத்தில் எழுதும் நடிப்பைவிட, இருநூறு பேர் உயிரைக் கொடுத்து முதலிடத்தில் எழுதும் நடிப்புக்கே வாய்ப்பு அதிகம். யாரும் எதிர்பாராத பெயர் ஒன்று பட்டியலில் முளைப்பதற்கும், எல்லோரும் புகழ்ந்த பெயர் ஒன்று காணாமல் போவதற்கும் இதுவே முக்கியக் காரணம்.

இறுதிச் சுற்றில் எல்லா உறுப்பினரும் எல்லாப் பிரிவுக்கும் வாக்களிக்கலாம், பின்னால் சொல்லும் ஒரு நிபந்தனையோடு. சிறந்த படம் தவிர மற்றவற்றில் அதிக வாக்கு வாங்கியவர் வெற்றி, அவ்வளவுதான். ஐந்து பேர் போட்டியில் வாக்கு நன்றாகச் சிதறினால் 21 சதவீதமே போதும். சிறந்த படத்துக்கு மட்டும் 2009-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து விருப்ப வரிசை எண்ணிக்கை நடக்கிறது. பாதிக்கு மேல் வாங்கும் வரை, கடைசியில் இருக்கும் படத்தை நீக்கி, அந்தச் சீட்டுகளை அவற்றின் அடுத்த விருப்பத்துக்கு மாற்றிக்கொண்டே போவார்கள்.

இதை உங்கள் 40 பேரை வைத்தே செய்து பாருங்கள். நான்கு படம் என்று வைத்துக்கொள்வோம். முதல் விருப்பம் க-வுக்கு 15, ங-வுக்கு 11, ச-வுக்கு 8, ஞ-வுக்கு 6. வெல்ல 21 வேண்டும். ஞ நீங்குகிறது; அதன் 6 சீட்டில் 5 ங-வுக்கும் 1 க-வுக்கும் போகின்றன. இப்போது க 16, ங 16, ச 8. அடுத்து ச நீங்குகிறது. அதன் 8 சீட்டில் 6 ங-வுக்கும் 2 க-வுக்கும் போகின்றன. முடிவு ங 22, க 18. தொடக்கத்தில் நான்கு வாக்கு முன்னால் நின்ற க தோற்றுவிட்டது. க-வை முதலிடத்தில் வைக்காதவர்கள் பெரும்பாலும் அதைக் கடைசியில் வைத்திருந்தார்கள், ங-வை யாரும் வெறுக்கவில்லை. ஆக, சிறந்த படத்தைக் கணிக்கும்போது எந்தப் படத்துக்கு ரசிகர்கள் அதிகம் என்று மட்டும் கேட்காதீர்கள், எதிரிகள் குறைவான படம் எது என்றும் கேளுங்கள்.

இந்தப் பயிற்சியில் வழக்கமாக நேரும் பிழை, பலர் ஒரே பெயரை எழுதிவிட்டு மற்ற இடங்களைக் காலியாக விடுவது. அந்தப் படம் நீங்கினால் சீட்டும் செத்துவிடும். அப்போது ‘பாதிக்கு மேல்’ என்பதை மீதி உயிரோடிருக்கும் சீட்டுகளை வைத்துத் திரும்பக் கணக்கிட வேண்டும். 40-ஐயே பிடித்துக்கொண்டிருந்தால் கூட்டல் ஒத்துவராது.

எதை நம்பிக் கணிப்பது? விமர்சகர்கள் தரும் விருதுகளுக்குக் குறைந்த மதிப்புக் கொடுங்கள், அவர்களுக்கு ஆஸ்கரில் வாக்கில்லை. பத்திரிகையாளர்கள் தரும் கோல்டன் குளோப்பும் அப்படியே. தொழிற்சங்க விருதுகள் வேறு ரகம். அந்தச் சங்கங்களின் உறுப்பினர்களில் ஒரு பகுதியினர் அகாடமியிலும் இருக்கிறார்கள். அமெரிக்க இயக்குநர் சங்க விருது 1948 முதல் தரப்படுகிறது. அதை வென்றவர் ஆஸ்கரை இழந்த ஆண்டுகள் பத்துக்கும் குறைவு. அப்படி இழந்த ஆண்டுகளில் ஒன்று 2020. சங்க விருது சாம் மெண்டிஸுக்கு, ஆஸ்கர் பாங் ஜூன் ஹோவுக்கு. தயாரிப்பாளர் சங்கமும் ஆஸ்கரைப் போலவே விருப்ப வரிசையில் எண்ணுவதால் சிறந்த படத்துக்கு அதுவே நல்ல வழிகாட்டி. அதுவும் சறுக்கும். 2017-இல் அங்கே வென்றது லா லா லேண்ட், ஆஸ்கரை வென்றது மூன்லைட்.

பழைய கணிப்பு விதிகளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். படத்தொகுப்புப் பரிந்துரை இல்லாத படம் வெல்லாது என்பது முப்பது ஆண்டுக்கும் மேல் உண்மையாக இருந்தது. 2015-இல் பேர்ட்மேன் அதை உடைத்தது. 2022-இல் கோடா வெறும் மூன்றே பரிந்துரையுடன், இயக்குநர் பரிந்துரைகூட இல்லாமல் வென்றது. அந்த ஆண்டு தயாரிப்பாளர் சங்க விருதும், நடிகர் சங்கத்தின் குழு நடிப்பு விருதும் கோடாவுக்குத்தான் போயின. விதியைப் பார்த்தவர்கள் தோற்றார்கள், சங்கங்களைப் பார்த்தவர்கள் வென்றார்கள்.

நடிப்புப் பிரிவுகளில் அமெரிக்க நடிகர் சங்க விருதும் பிரிட்டனின் திரைப்பட விருதான பாஃப்டாவும் முரண்படும்போதுதான் தலைவலி. 2021-இல் சங்கம் சாட்விக் போஸ்மனைத் தேர்ந்தது. பாஃப்டாவும் ஆஸ்கரும் அந்தோணி ஹாப்கின்ஸைத் தேர்ந்தன. 2024-இல் லிலி கிளாட்ஸ்டோன் சங்க விருதை வென்றார். பாஃப்டாவும் ஆஸ்கரும் எம்மா ஸ்டோனுக்கு. 2025-இல் டெமி மூர், டிமதி ஷாலமே இருவரும் சங்க விருது வாங்கியும், ஆஸ்கரை பாஃப்டா வென்ற மைக்கி மேடிசனும் ஏட்ரியன் ப்ரோடியும் கொண்டுபோனார்கள். அகாடமியில் அமெரிக்காவுக்கு வெளியே வாழும் உறுப்பினர்கள் பெருகியதே காரணம் என்பது என் கணிப்பு. ஆனால் 2023-ஐ மறக்கக் கூடாது. பாஃப்டாவின் நான்கு நடிப்பு வெற்றியாளர்களும் அந்த ஆண்டு ஆஸ்கரில் தோற்றார்கள், சங்கம் தேர்ந்த நால்வரும் வென்றார்கள். அந்த நால்வரில் மூவர் நடித்த எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ் என்ற ஒரே படத்தின் அலை அவ்வளவு பலமாக அடித்தது. அலை அடிக்கும் ஆண்டில் சங்கத்தையும், அலை இல்லாத ஆண்டில் பாஃப்டாவையும் பின்பற்றுங்கள்.

சிறு பிரிவுகளைப் பற்றி ஒரே வார்த்தை: குறும்படங்களை உண்மையாகவே பார்த்துவிடுங்கள். 98-ஆவது விழாவிலிருந்து, ஒரு பிரிவின் எல்லாப் படங்களையும் பார்த்தவர்தான் அந்தப் பிரிவில் இறுதி வாக்கு போட முடியும். பெயரையும் சுவரொட்டியையும் பார்த்துப் போடும் வாக்கு இதனால் குறைய வேண்டும்.

இனி உங்கள் இரண்டாவது சண்டை. ‘எல்லாம் வெள்ளைக்காரனுக்கே’ என்று ஒருவரும், ‘திறமைக்குத்தான் விருது’ என்று இன்னொருவரும் கத்துவதால் ஒன்றும் விளங்காது. ஒரு படமோ நடிகரோ எந்தப் படியில் கழன்று விழுந்தார்கள் என்று பாருங்கள். படம் தயாராகி, தகுதிக்கான விதிகளை நிறைவேற்றி உள்ளே வருவது முதல் படி. கிளை உறுப்பினர்களின் பரிந்துரை இரண்டாவது. எல்லோரும் போடும் இறுதி வாக்கு மூன்றாவது. ஒவ்வொரு படியிலும் வாசலில் நிற்பவர்கள் வேறு.

உங்கள் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. தாராவி, ஜுஹு குடிசைப் பகுதிகளில் படமான ஸ்லம்டாக் மில்லியனர் 2009-இல் 10 பரிந்துரை பெற்று 8 விருது வென்றது. நடித்தவர்களில் ஒருவருக்கும் பரிந்துரை இல்லை. தி லாஸ்ட் எம்பரர் 1988-இல் பரிந்துரைக்கப்பட்ட 9 பிரிவிலும் வென்றது, நடிப்புக்கு ஒரு பரிந்துரைகூட வரவில்லை. பாராசைட்டுக்கும் 2020-இல் அதே கதைதான். மூன்று படமும் மூன்றாம் படியில் எல்லோருடைய வாக்கையும் வாங்கிச் சிறந்த படமாயின. அவற்றின் ஆசிய நடிகர்கள் விழுந்தது இரண்டாம் படியில், நடிகர் கிளையின் கையில். படத்தைக் கொண்டாடியவர்களுக்கு அதில் நடித்தவர்களின் முகம் மனதில் நிற்கவில்லை. இது எனக்கு மிகவும் வலிக்கிற கணக்கு.

ஸ்லம்டாக் நாயகன் தேவ் பட்டேல் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பாஃப்டா அவரை முதன்மை நடிகராகவும், அமெரிக்க நடிகர் சங்கம் துணை நடிகராகவும் பரிந்துரைத்தன. ஆஸ்கரில் ஒரே நடிப்புக்கு இரண்டு பிரிவிலும் விழும் வாக்குகளைச் சேர்த்து எண்ண மாட்டார்கள். பிரிவு தெளிவாக இல்லாத நடிகருக்கு வாக்கு பிளவுபடும் ஆபத்து அதிகம். கணிக்கும்போதும் இதைப் பாருங்கள்.

ஒளிப்பதிவில் முதல் 89 விழாக்களில் ஒரு பெண்கூடப் பரிந்துரைக்கப்படவில்லை. 2018-இல் ரேச்சல் மாரிசன்தான் முதல் பெண். இங்கே அடைப்பு முதல் படியில்: பெரிய படங்களின் கேமராவே பெண்களிடம் தரப்படவில்லை. சிறந்த இயக்குநர் விருதை 2025 வரையிலான 97 விழாக்களில் வென்ற பெண்கள் மூவர்: 2010-இல் கேத்ரின் பிகலோ, 2021-இல் க்ளோயி ஜாவ், 2022-இல் ஜேன் கேம்பியன். அதே காலத்தில் சிறந்த நடிகை விருதை வென்ற கறுப்பினப் பெண் ஒரே ஒருவர், 2002-இல் ஹாலி பெரி.

2015, 2016 இரண்டு ஆண்டும் நடிப்புக்கான 20 பரிந்துரைகளும் வெள்ளையருக்கே போனபோதுதான் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் நாளிதழ் 2012-இலேயே ஆராய்ந்து, வாக்காளர்களில் 94 சதவீதம் வெள்ளையர், 77 சதவீதம் ஆண்கள் என்று எழுதியிருந்தது. 2016-இல் அகாடமி, பெண் உறுப்பினர்களையும் வெள்ளையரல்லாத உறுப்பினர்களையும் 2020-க்குள் இரட்டிப்பாக்குவதாக அறிவித்தது. பலன் தந்தது இந்த மாற்றம்தான் என்பேன்.

2024 விழாவிலிருந்து சிறந்த படத்துக்கு மட்டும் வந்த ‘உள்ளடக்கல் தகுதிகள்’ பற்றி உங்கள் குழுவில் யாராவது கொதித்தால், விதியைப் படிக்கச் சொல்லுங்கள். திரையில் யார், படைப்புக் குழுவில் யார், பயிற்சி வாய்ப்பு, விளம்பரப் பிரிவில் யார் என நான்கு தகுதிகளில் இரண்டை நிறைவேற்றினால் போதும். ஒரு பெரிய ஸ்டுடியோ கடைசி இரண்டைக் கொண்டே கடந்துவிடலாம், திரையில் ஒரு முகம்கூட மாற வேண்டியதில்லை. இதனால் கலை கெட்டுவிட்டது என்பதும் தவறு, எல்லாம் சரியாகிவிட்டது என்பதும் தவறு.

தமிழ்ப் படங்களுக்கு வருவோம். ‘ஆஸ்கர் போட்டியில் தமிழ்ப் படம்’ என்ற செய்தி ஆண்டுதோறும் வருகிறது. சூரரைப் போற்று 2021-இலும், ஜெய் பீம் 2022-இலும், கங்குவா 2025-இலும் அப்படிப் பேசப்பட்டன. அவை இடம்பெற்றது தகுதிபெற்ற படங்களின் பட்டியலில். 2021-இல் அதில் 366 படம், 2022-இல் 276. அமெரிக்காவில் விதிப்படி திரையிட்டு, விண்ணப்பித்தால் அதில் பெயர் வரும். அது முதல் படி மட்டுமே. அந்தச் செய்தியைப் பரிந்துரை என்று குழுவில் பகிர்பவரை அன்போடு திருத்துங்கள்.

சர்வதேசப் படப் பிரிவில் வாசலில் நிற்பது நம் ஆட்களே. ஒரு நாடு ஒரு படம்தான் அனுப்ப முடியும், இந்தியாவுக்கு அதைத் தேர்வது இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பு அமைக்கும் குழு. தெய்வ மகன், நாயகன், தேவர் மகன், விசாரணை, கூழாங்கல் எல்லாம் இந்த வழியில் அனுப்பப்பட்டவை. எதுவும் இறுதி ஐந்துக்குள் போகவில்லை. 2024-இல் கான் விழாவில் கிராண்ட் பிரி வென்ற, மும்பையில் செவிலியராக வேலை செய்யும் மலையாளப் பெண்களைப் பற்றிய பாயல் கபாடியாவின் ஆல் வி இமாஜின் அஸ் லைட் படத்தை விட்டுவிட்டு லாபத்தா லேடீஸ் அனுப்பப்பட்டது. அது 15 படங்களின் குறும்பட்டியலுக்குள்கூட வரவில்லை. பாயலின் படத்தை பிரான்ஸும் தன் தேர்வுக்கான பட்டியலில் வைத்திருந்து, கடைசியில் வேறு படத்தை அனுப்பியது. அந்த ஆண்டு இந்தியத் தேர்வுக் குழுவில் இருந்த 13 பேரும் ஆண்கள். ஹாலிவுட் உறுப்பினர்களின் சதவீதத்தைக் கணக்கெடுக்கும் நாம், இந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு ஆண்டும் தேர்வு அறிவிப்புக்கு முன்பே கேட்டாக வேண்டும்.

இந்த வாசலுக்குள் போகாமலே வென்ற வழியும் இருக்கிறது. முதுமலையில் எடுக்கப்பட்டு, தமிழ் பேசும் தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ் 2023-இல் குறும் ஆவணப்படப் பிரிவில் வென்றது. அந்தப் பிரிவுக்கு எந்த நாட்டுக் குழுவின் சீட்டும் தேவையில்லை. உங்கள் தாளில் ஆவணப்பட, குறும்படப் பிரிவுகளுக்கு மற்றவற்றைவிட அதிகப் புள்ளி வையுங்கள், ஆட்கள் தேடிப் பார்ப்பார்கள்.

நேரத்தையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றும் ஞாயிறு மார்ச்சில் வருகிறது; விழா அதற்கு முன் வந்தால் நமக்கு ஒரு மணி நேரம் தாமதமாகத் தொடங்கும். 2024 விழா நமக்குத் திங்கள் காலை 4:30-க்கும், 2025 விழா 5:30-க்கும் தொடங்கியது. தாள்களை ஞாயிறு இரவே வாங்கிப் புகைப்படம் எடுத்துக் குழுவில் போட்டுவிடுங்கள். சமநிலை வந்தால் பிரிக்க, ‘அதிக விருது வாங்கும் படம் எத்தனை வாங்கும்?’ என்று தாளின் அடியில் ஒரு எண் எழுதச் சொல்லுங்கள்.