“சீஃப் சொன்ன டோஸ் தப்பு என்றால் எப்படிச் சொல்வது?” – வார்டிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

வார்டு, ஐ.சி.யூ., தியேட்டர் எல்லாம் சுற்றிவிட்டு இப்போது ஒரு மருத்துவமனையின் தரப் பிரிவில் இருக்கிறேன். நோயாளிப் பாதுகாப்பு பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் ஆளும் இடமும் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஸ்டாஃப் நர்ஸ், திருச்சி: அக்கா, நைட் டூட்டியில் பான்டோப்ரசோல் (வயிற்று அமிலத்துக்கான மருந்து) என்று நினைத்து ஆன்டிபயாடிக் வயலை (மருந்துக் குப்பியை) எடுத்துக் கரைத்து சிரிஞ்சில் லோடு செய்துவிட்டேன். போடுவதற்கு முன் லேபிளைப் பார்த்துக் கொட்டிவிட்டேன். நோயாளிக்கு ஒன்றுமில்லை. இதை எழுதிக் கொடுக்க வேண்டுமா? மெமோ வருமே?

எழுதுங்கள். நோயாளிக்கு ஒன்றும் ஆகாத சம்பவம்தான் எங்களுக்கு அதிகம் சொல்லிக் கொடுக்கும். ஆனால் “கவனக்குறைவால் நடந்துவிட்டது, இனிமேல் கவனமாக இருப்பேன்” என்று எழுதாதீர்கள். அதை வைத்துக்கொண்டு நான் எதையும் மாற்ற முடியாது. இரண்டு வயலும் ஒரே தட்டில் இருந்தனவா? அளவு, மூடி நிறம், உள்ளே இருக்கும் வெள்ளைப் பொடி எல்லாம் ஒரே மாதிரியா? மணி என்ன, ட்ராலி மேல் வெளிச்சம் இருந்ததா, லோடு செய்யும்போது யாராவது கூப்பிட்டார்களா? இதை எழுதுங்கள். இன்னொரு வார்டிலிருந்தும் இதே வயல் பற்றி ஒரு தாள் வந்தால், பார்மசியில் போய்ச் சண்டை போட எனக்கு ஆதாரம் கிடைத்துவிடும்.

மெமோ பயம் நியாயமானதுதான். இப்படிப்பட்டதற்கெல்லாம் மெமோ கொடுக்கும் இடத்தில் மூன்றே மாதத்தில் ரிப்போர்ட் வருவது நின்றுவிடும். அப்புறம் மீட்டிங்கில் “இந்தக் காலாண்டில் சம்பவம் பூஜ்யம்” என்று ஸ்லைடு போட்டுக் கைதட்டுவார்கள். பூஜ்யம் என்று எழுதிய ரெஜிஸ்டரைப் பார்த்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும். முதலில் உங்கள் இன்சார்ஜ் சிஸ்டரிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு, பிறகு எழுதுங்கள். அவருக்குத் தெரியாமல் மேலே போனால் அது வேறு பிரச்சினையாகிவிடும்.

ஹவுஸ் சர்ஜன், மதுரை: ரவுண்ட்ஸில் சீஃப் சொன்ன டோஸ் தப்பு என்று எனக்குத் தெரிந்தது. மேற்படிப்பு படிக்கும் பி.ஜி. டாக்டருக்கும் தெரிந்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை. எப்படித்தான் சொல்வது மேடம்?

தம்பி, 2005-ல் இங்கிலாந்தில் ஒரு சைனஸ் அறுவைச் சிகிச்சை. சாதாரண கேஸ். மயக்கம் கொடுத்தபின் மூச்சுக்குழாய்க்குள் ட்யூப் போக மறுத்தது, ஆக்சிஜனும் இறங்கிவிட்டது. அனுபவமுள்ள மூன்று டாக்டர்கள் ட்யூப் போடுவதிலேயே இருபது நிமிடத்துக்கு மேல் போராடினார்கள். ஒரு செவிலியர் கழுத்தில் துளையிடும் ட்ரக்கியாஸ்டமி செட்டைக் கொண்டு வந்து, தயாராக இருக்கிறது என்றார். இன்னொருவர் ஐ.சி.யூ.-வில் படுக்கை சொல்லி வைத்தார். டாக்டர்கள் பார்த்த பார்வையில் இவள் ஏன் பதறுகிறாள் என்பது போல இருக்கவே, அதை ரத்து செய்துவிட்டார். நோயாளியான அந்தப் பெண் 13 நாள் கழித்து இறந்தார். என்ன செய்ய வேண்டும் என்று அந்த அறையில் சிலருக்குத் தெரிந்துதான் இருந்தது. இறந்தவரின் கணவர் விமானி. காக்பிட்டில் துணை விமானி கேப்டனை மறித்துப் பேசுவதற்குப் பயிற்சியே உண்டு, உங்கள் தியேட்டரில் ஏன் இல்லை என்று அவர் கேட்டதிலிருந்துதான் அந்த நாட்டில் இது பெரிய விஷயமானது.

நம் ஊரில் பெரியவரை மறித்துப் பேசுவது மரியாதைக் குறைவு. அதனால் இருமிக் காட்டுகிறோம், பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கிறோம், கேஸ் ஷீட்டைச் சத்தமாகப் புரட்டுகிறோம். இதெல்லாம் அவர் காதில் விழாது. அபிப்பிராயம் சொல்லாதே, எண்ணைச் சொல். “சார், இன்னைக்குக் கிரியேட்டினின் 2.8. அமிகாசின் இதே டோஸ் போடலாமா?” (கிரியேட்டினின் கூடினால் சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம்; அமிகாசின் சிறுநீரகம் வழியாக வெளியேறும் ஆன்டிபயாடிக்.) தொண்ணூறு சதவீதம் இதிலேயே முடிந்துவிடும், அவர் ரிப்போர்ட்டைப் பார்த்திருக்க மாட்டார், அவ்வளவுதான். கேட்காத மாதிரி போனால் இரண்டாவது முறை, “சார், எனக்கு இது கவலையா இருக்கு, ஒரு தடவை பார்த்துடுங்க.” அதற்கும் அசையவில்லை என்றால் மருந்தைப் போடாமல் நிறுத்தி வைத்து, அசிஸ்டென்ட் புரொஃபசரையோ ஆர்.எம்.ஓ.-வையோ (உறைவிட மருத்துவ அலுவலர்) கூப்பிடு. எரிச்சல்படுவார், படட்டும். இதை நீ தனியாகச் செய்ய வேண்டியதில்லை. சிஸ்டரும் நீயும் சேர்ந்து கேட்டால் இன்னும் எளிது.

இதற்காகத்தான் 2008-ல் உலக சுகாதார நிறுவனம் கொண்டுவந்த அறுவைச் சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலில், கத்தி வைப்பதற்கு முன் எல்லோரும் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. ஒரு முறை வாயைத் திறந்தவர் மறுபடி திறப்பார் என்பதுதான் கணக்கு. டெல்லி உட்பட எட்டு நகரங்களில் இதைப் பார்த்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. கேஸ் முடிந்து டீ வரும் நேரத்தில் மொத்தமாக டிக் போடும் தியேட்டர்களில் அந்த எண் குறையாது.

நோயாளியின் மகன், சேலம்: அப்பாவுக்கு ஊசி போட வரும்போது என்ன ஊசி என்று கேட்டால், “நீங்க டாக்டரா?” என்கிறார்கள். கேட்பது தப்பா?

தப்பே இல்லை ஐயா. பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்பதும், கையில் கட்டிய பட்டையைப் பார்ப்பதும் எங்கள் வேலை. அதை அவர்கள் செய்யாவிட்டால், “அப்பா பேர் ராமசாமிதான், சரியா பார்த்துக்குங்க” என்று நீங்களே சொல்லுங்கள். ஒவ்வாத மருந்து இருந்தால் அட்மிஷனில் ஒரு முறை சொன்னது போதாது, ஒவ்வொரு டூட்டி மாறும்போதும் சொல்லுங்கள். ஒன்று மட்டும்: சிஸ்டர் ட்ராலி அருகில் நின்று மருந்து லோடு செய்யும்போது கேட்காதீர்கள், உங்கள் படுக்கைக்கு வந்தபின் கேளுங்கள்.

இன்சுலினை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். நம் நாட்டில் மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என்று இரண்டு வகை புழங்குகிறது. 40 வயலுக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100 வயலுக்கு ஆரஞ்சு மூடி. 100 வயலிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போகும். வீட்டில் போடும்போதும் இதே கதைதான்.

இன்னொன்று, கோபிக்காதீர்கள். டிரிப்ஸ் சீக்கிரம் முடியட்டும் என்று நோயாளியோடு இருக்கும் அட்டெண்டர்கள் வேகத்தைக் கூட்டும் அந்த உருளையைத் திருப்பிவிடுவது வாரம் தவறாமல் நடக்கிறது. இதய நோயாளிக்கு அது நேராக நுரையீரலில் நீர் கோப்பதில் போய் முடியும்.

நர்சிங் மாணவி, நாகர்கோவில்: கே.சி.எல். ஆம்பியூலை மட்டும் ஏன் பூட்டி வைக்கிறார்கள்?

கே.சி.எல். என்றால் பொட்டாசியம் குளோரைடு. 10 மி.லி. ஆம்பியூலில் 20 மில்லிஈக்விவலன்ட் (mEq) பொட்டாசியம். கலக்காமல் நேராக ஐவி-யில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். பார்க்க டிஸ்டில்டு வாட்டர் மாதிரியே இருக்கும். ஆன்டிபயாடிக் கரைக்க டிஸ்டில்டு வாட்டரை எடுக்கும் கை இதை எடுக்கக் கூடாது என்பதற்காகத்தான் பூட்டு. ட்ராலியில் அது கிடப்பதைப் பார்த்தால், மாணவிதானே என்று நினைக்காமல் சொல்லிவிடு.

ஐ.சி.யூ. நர்ஸ், கோவை: நோயாளிக்குப் போட்ட ஊசி நம் கையில் குத்திவிட்டால் ரத்தத்தைப் பிதுக்கி எடுக்கலாமா?

வேண்டாம். சோப்பும் ஓடும் தண்ணீரும் போதும். உடனே சொல்லுங்கள், டூட்டி முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்துக்குப் பிறகு பயனில்லை. 28 நாள் சாப்பிட வேண்டும். எல்லோரும் எச்.ஐ.வி.-க்குப் பயப்படுகிறார்கள், அதன் வாய்ப்பு ஒரு குத்துக்குச் சுமார் 0.3 சதவீதம். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடாதவருக்கு அது 30 சதவீதம் வரை போகும். மூன்று டோஸும் போட்டீர்களா, முதலில் அதைப் பாருங்கள்.

ஸ்டாஃப் நர்ஸ், சென்னை: நைட்டில் 25 நோயாளிகளுக்கு நான் ஒருத்தி. தப்பு நடந்தால் ஜெயிலா? டாக்டருக்கு ஒரு சட்டம், நமக்கு ஒரு சட்டமா?

கசப்பான பதில்: கிட்டத்தட்ட ஆமாம். 2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில், அலட்சியத்தால் மரணம் விளைவித்தால் ஐந்து ஆண்டு வரை சிறை. பதிவு பெற்ற மருத்துவர் சிகிச்சையின்போது செய்தால் இரண்டு ஆண்டு வரை. அந்த ‘மருத்துவர்’ என்பதற்கு மருத்துவக் கவுன்சில் பதிவுதான் அளவுகோல். செவிலியர் அதில் வரவில்லை. இதைப் பற்றி நம் சங்கங்கள் இன்னும் உரக்கப் பேசியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அமெரிக்காவின் டென்னசியில் 2017-ல் ஒரு செவிலியர் பதற்றம் குறைக்கும் மருந்துக்குப் பதிலாக, தசையைச் செயலிழக்க வைக்கும் வெக்குரோனியத்தைக் கொடுத்து நோயாளி இறந்தார். 2022-ல் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது, மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு. கணினி பொருத்திய மருந்து அலமாரி காட்டிய எச்சரிக்கைகளை அவர் தாண்டினார், அது உண்மை. ஆனால் அந்தக் காலத்தில் அங்கே எல்லோரும் தினமும் தாண்டிக்கொண்டிருந்தார்கள் என்பதும் வழக்கில் வந்தது. அவர் ஒருவர்தான் கூண்டில் நின்றார்.

ஆள் குறைவு வெறும் புலம்பல் இல்லை. பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை வைத்து 2002-ல் வந்த ஆய்வில், ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடினால் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாளில் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. ஒரு செவிலியருக்கு இத்தனை நோயாளிகள்தான் என்று கலிஃபோர்னியாவில் 2004 முதல் சட்டமே அமலில் இருக்கிறது. உங்களுக்கு நான் சொல்லக்கூடியது: டூட்டி எடுத்தவுடன், “25 பேர், நான் ஒருத்தி, இரண்டு பேர் மோசமான நிலை” என்று சூப்பர்வைசருக்கு ஒரு மெசேஜ் போட்டு வையுங்கள். தினமும் போடுங்கள். அலுத்துக்கொள்வார்கள், பரவாயில்லை. அப்புறம் எல்லா மருந்தையும் மணிக்குச் சரியாகக் கொடுக்க முடியாது என்று ஒத்துக்கொண்டு, தள்ளக் கூடாததை முதலில் முடியுங்கள்: இன்சுலின், வலிப்பு மருந்து, செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் பாதிக்கப்படும் நிலை) நோயாளியின் ஆன்டிபயாடிக். வைட்டமின் காத்திருக்கும்.

டூட்டி டாக்டர், ஈரோடு: நான் எழுதிய ஆர்டரால் ஒரு நோயாளி ஐ.சி.யூ. போய்விட்டார். இப்போது தேறிவிட்டார். குடும்பத்திடம் எதுவும் சொல்லாதே என்கிறது நிர்வாகம். எனக்குத் தூக்கமில்லை.

டாக்டர், முதலில் கேஸ் ஷீட்டில் கை வைக்காதீர்கள். திருத்த வேண்டியிருந்தால் பழைய வரி படிக்கும்படி ஒரே கோடு, பக்கத்தில் தேதி, நேரம், கையெழுத்து. பின்தேதியிட்டு எழுதினால் மருத்துவத் தவறு மோசடியாகிவிடும்.

குடும்பத்திடம் சொல்ல வேண்டும் என்பதுதான் என் கருத்து. தனியாகப் போகாதீர்கள், கன்சல்டன்டோடு உட்கார்ந்து, என்ன நடந்தது, இப்போது என்ன செய்கிறோம், இன்னும் எது தெரியவில்லை என்று சொல்லுங்கள். அவர்கள் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுத்தாக வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகளே சொல்கின்றன, அப்போது தானாகத் தெரிந்துவிடும். ஆவணத்தில் பார்த்து அறிந்த குடும்பத்தின் கோபம் வேறு மாதிரி இருக்கும்.

தூக்கத்துக்கு: நம்பும் சீனியர் ஒருவரிடம் முழுதாகச் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அதுவரை தனி நைட் டூட்டி வேண்டாம் என்று கேட்டு வாங்குங்கள்.

இன்சார்ஜ் சிஸ்டர், தஞ்சாவூர்: டூட்டி மாறும்போது நோயாளிகளை ஒப்படைக்கும் ஹேண்டோவரை நர்சிங் ஸ்டேஷனில் வைத்துக்கொள்வதா, படுக்கை அருகிலா?

படுக்கை அருகில்தான். ஸ்டேஷனில் “டிரிப்ஸ் ஓடுது” என்பார்கள், போய்ப் பார்த்தால் கை வீங்கியிருக்கும். எச்.ஐ.வி. போன்ற அந்தரங்க விஷயங்களை மட்டும் ஸ்டேஷனில் பேசிவிட்டுப் போங்கள்.