தக்காளியை விலக்கிய வீட்டில் சிவப்புச் சாஸ்

கேள்வி: என் கணவருக்கு ஓராண்டாக நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் இருக்கின்றன. பித்தம் மிகுந்திருப்பதாகச் சொன்ன ஆயுர்வேத மருத்துவர் தக்காளி, புளி, மிளகாய் மூன்றையும் நிறுத்தச் சொல்லியிருக்கிறார். பொரித்த குழம்பு, கூட்டு என்று அன்றாடச் சமையலை மாற்றிக்கொண்டேன். ஆனால் பிள்ளைகள் பாஸ்தாவுக்கும் சப்பாத்திக்கும் சிவப்புச் சாஸ் கேட்கிறார்கள். வீட்டில் எல்லோரும் சாப்பிடும்படி, தக்காளியே சேர்க்காமல் ஒரு சாஸ் செய்ய முடியுமா?
- வாசகி, ஈரோடு

பதில்: முடியும். தக்காளி ஒரு சாஸுக்கு நிறம், கெட்டித்தன்மை, இனிப்பு, புளிப்பு ஆகிய நான்கையும் ஒருசேரக் கொடுத்துவிடுகிறது. அதை எடுத்துவிட்டால் இந்த நான்கையும் தனித்தனியாகத் தேடிச் சேர்க்க வேண்டும். முதல் மூன்றும் எளிது. கேரட்டும் பரங்கிக்காயும் சிறிதளவு பீட்ரூட்டும் அவற்றைப் பார்த்துக்கொள்ளும். கவனம் முழுவதும் புளிப்பில்தான் இருக்க வேண்டும். ஏனென்றால் பித்தத்தைக் கூட்டுவது என்று உங்கள் மருத்துவர் விலக்கியதும் அந்தச் சுவையைத்தான். அதே சமயம், புளிப்பே இல்லாத சாஸைப் பிள்ளைகள் பரங்கிக்காய் மசியல் என்று ஒதுக்கிவிடுவார்கள்.

இதற்கு வழி பழைய நூலிலேயே இருக்கிறது. ஆயுர்வேதத்தின் மூல நூல்களில் ஒன்றான சரக சங்கிதையில், சூத்திரஸ்தானம் என்ற பகுதியில், உணவுப் பொருள்களைப் பற்றிப் பேசும் 27ஆம் அத்தியாயம், புளிப்பானவை பெரும்பாலும் பித்தத்தை உண்டாக்கும் என்று சொல்லிவிட்டு, மாதுளையையும் நெல்லிக்காயையும் மட்டும் அந்த விதியிலிருந்து விலக்கிவைக்கிறது. ஆகவே எலுமிச்சையையோ வினிகரையோ தேடாமல், இந்த இரண்டில் ஒன்றால் புளிப்பேற்றுங்கள்.

நான்கு பேருக்கு 250 கிராம் பரங்கிக்காய், 200 கிராம் கேரட், 50 கிராம் பீட்ரூட், ஒரு நடுத்தர வெங்காயம், இரண்டு பெரிய நெல்லிக்காய் போதும். பரங்கிக்காயையும் கேரட்டையும் நெல்லிக்காயோடு சேர்த்து ஆவியில் வேகவைத்து, கொட்டையை நீக்கிவிட்டு நைசாக அரைத்துக்கொள்ளுங்கள். பீட்ரூட்டைத் தனியாக வேகவைத்து அரைத்து வையுங்கள். அதன் சிவப்பு நெடுநேரக் கொதியில் மங்கிப் பழுப்பேறிவிடும் என்பதால், அதைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். அளவிலும் கை நிதானமாக இருக்கட்டும். கேரட்டின் ஆரஞ்சு நிறத்தோடு சிறிது பீட்ரூட் சேர்ந்தால் பழுத்த தக்காளியின் நிறம் வரும். கூடிவிட்டால் ரோஸ் நிறமாகி, மண் வாசனையும் தூக்கலாகத் தெரியும்.

வாணலியில் இரண்டு தேக்கரண்டி நெய் விட்டு, அரைத் தேக்கரண்டி சீரகமும் அரைத் தேக்கரண்டி சோம்பும் பொரிந்ததும், பொடியாக நறுக்கிய வெங்காயத்தைச் சிறு தீயில் பொன்னிறம் வரும்வரை வதக்குங்கள். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். தக்காளி கொடுக்கும் நாவில் நிற்கும் சுவைக்கு ஈடாக இங்கே இருப்பது, பதினைந்து நிமிடம் பொறுமையாக வதங்கிய இந்த வெங்காயம்தான். வெங்காயம் விலக்கு என்றால் பெருங்காயம் ஒரு சிட்டிகை போடலாம். ஆனால் அதுவும் உஷ்ணப் பொருள்தான், சிட்டிகைக்கு மேல் வேண்டாம். பிறகு ஒரு தேக்கரண்டி தனியாப் பொடி, இந்துப்பு, அரைத்த காய் விழுது, தேவையான வெந்நீர் சேர்த்து ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, பீட்ரூட்டைக் கலந்து இறக்குங்கள். நெல்லியின் துவர்ப்பு நாவில் நின்றால் ஒரு சிட்டிகை பனங்கற்கண்டுப் பொடி அதைத் தணிக்கும். பாஸ்தாவுக்கு நான்கு துளசி இலைகளைக் கிள்ளிப் போடலாம். சப்பாத்திக்குக் கொத்தமல்லித் தழை பொருந்தும்.

நெல்லிக்காய் கிடைக்காத மாதங்களில், வட இந்திய மளிகைக் கடைகளில் அனார்தானா என்ற பெயரில் விற்கும் உலர்ந்த மாதுளை முத்துகளை லேசாக வறுத்துப் பொடித்து, ஒன்றரைத் தேக்கரண்டி சேர்த்துக்கொள்ளுங்கள். என் நாவுக்கு இதுவே நெல்லியைவிடத் தக்காளிப் புளிப்புக்கு நெருக்கமாகப் படுகிறது.

ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள். உணவகங்களில் செய்வதுபோல இதில் பாலோ கிரீமோ ஊற்ற வேண்டாம். பாலும் புளிப்பும் சேர்வதை ஆயுர்வேதம் விருத்த உணவு, அதாவது ஒன்றுக்கொன்று ஒவ்வாத சேர்க்கை என்கிறது. வழவழப்பு வேண்டுமானால் குழைய வெந்த பாசிப்பருப்பு இரண்டு கரண்டி சேர்த்து அரையுங்கள்.

கேள்வி: தக்காளி வெளிநாட்டிலிருந்து வந்தது என்பதால்தான் ஆயுர்வேதம் விலக்குகிறதா? எல்லோருமே அதை விட்டுவிட வேண்டுமா?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: இல்லை. தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது உண்மை; பழைய நூல்களில் அதற்குப் பெயரே கிடையாது. சிராத்தச் சமையலில் இன்றும் தக்காளியையும் மிளகாயையும் சேர்ப்பதில்லை என்பது இதற்கு ஒரு சான்று. ஆனால் வந்த இடம்தான் காரணம் என்றால், மேலே சொன்ன சாஸுக்கு அடிப்படையான பரங்கிக்காயும் அதே கண்டத்திலிருந்து வந்ததுதான். பெயரிலேயே பரங்கி இருக்கிறது. இன்றைய வைத்தியர்கள் ஒரு காயை அதன் சுவையையும் வீரியத்தையும், அதாவது உடலுக்குத் தரும் சூட்டையோ குளிர்ச்சியையோ கொண்டு மதிப்பிடுகிறார்கள். தக்காளியைப் புளிப்பும் உஷ்ணமும் உடையதாகக் கொள்வதால், பித்தம் மிகுந்தவருக்கு வேண்டாம் என்கிறார்கள். அந்தத் தொல்லை இல்லாதவர்கள் அளவோடு சாப்பிடுவதற்குத் தடை ஏதுமில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: சிறுநீரகக் கல் உள்ளவர்கள் பீட்ரூட்டை விட்டுவிடுவது நல்லது, அதில் ஆக்சலேட் மிகுதி.

கேள்வி: இத்தகைய சாஸை மொத்தமாகச் செய்து பாட்டிலில் அடைத்து வைக்கலாமா?
- வாசகி, கோவை

பதில்: தயவுசெய்து வேண்டாம். பாட்டிலில் அடைத்த தக்காளிச் சாஸ் கெடாமல் இருப்பதற்கு அதன் அமிலம் ஒரு முக்கியக் காரணம். அமில அளவைக் குறிக்கும் பிஎச் எண் (எண் கூடக்கூட அமிலம் குறைவு) 4.6க்கு மேல் போனால், காற்றுப் புகாத பாட்டிலுக்குள் பொட்டுலிசம் என்னும் கொடிய நோயைத் தரும் நச்சை உண்டாக்கும் கிருமி வளர இடமுண்டு. கேரட், பரங்கிக்காய், பீட்ரூட் மூன்றும் அந்த அளவுக்கு மேற்பட்டவை. இரண்டு நெல்லிக்காய் போட்டதால் அது பாதுகாப்பாகிவிட்டது என்று நம்பக் கூடாது. குளிர்பதனப் பெட்டியில் இரண்டு நாள் வைக்கலாம். அதற்கு மேல் வேண்டுமானால் சிறு சிறு பங்காக உறையவைத்து, வேண்டும்போது ஒரு பங்கை எடுத்து நன்றாகக் கொதிக்கவிட்டுப் பயன்படுத்துங்கள். மருத்துவர் சொன்ன பத்தியத்தில் இருப்பவருக்கு மட்டும் அன்றன்று செய்ததையே பரிமாறுங்கள். காய்களை முன்னிரவே நறுக்கி வைத்துவிட்டால், காலையில் அரை மணி நேர வேலைதான்.