அ.முத்துலிங்கம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

எங்கள் சென்னை வாசகர் வட்டத்தில் இந்த மாதம் ஈழத்தில் பிறந்து கனடாவில் வாழும் எழுத்தாளர் அ.முத்துலிங்கத்தை வாசிக்கிறோம். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

வேளச்சேரி வாசகர்: போர் துரத்தித்தானே கனடா போனார்?

இல்லை. 1937இல் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பிறந்தவர், சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட். 1983 கலவரத்துக்குப் பல வருஷம் முன்பே வேலைக்காக ஆப்பிரிக்கா போய்விட்டார். அப்புறம் ஐ.நா. பணியில் பல நாடுகள். கனடாவில் குடியேறியது ஓய்வு பெற்ற பிறகு. அவரை அகதி எழுத்தாளர் என்று சுருக்கிவிட்டால் பாதிக் கதைகள் கைநழுவிப் போகும்.

மாம்பலம் வாசகி: முதல் தொகுப்பு 'அக்கா' 1964இல், 'திகடசக்கரம்' 1995இல். நடுவில் என்ன ஆயிற்று?

வேலை இழுத்துக்கொண்டது. ஆனால் அந்த வருஷங்கள் வீண்போகவில்லை. சோமாலியாவில் தண்ணீருக்காக நெடுந்தூரம் நடக்கும் பெண்ணைத் தமிழ்ச் சிறுகதையில் வேறு யார் நமக்குக் காட்டியிருக்கிறார்கள்? 'ஒட்டகம்' கதையைப் படித்துப் பாருங்கள்.

ஆதம்பாக்கம் கல்லூரி மாணவர்: இவ்வளவு துயரத்தைச் சிரிக்கச் சிரிக்க எழுதலாமா? எனக்கு உறுத்துகிறது.

நல்ல கேள்வி. 'கடவுள் தொடங்கிய இடம்' நாவலில் நிஷாந்த் என்ற இளைஞன் ஏஜென்ட்டை நம்பி ஊரைவிட்டுக் கிளம்புகிறான். கனடா போக வேண்டும். போகிற வழியெல்லாம் காத்திருப்புதான். அப்படி மாதக்கணக்கில் ஒரே இடத்தில் முடங்கிக் கிடப்பவர்கள் சமைப்பார்கள், சண்டை போடுவார்கள், ஒருவரை ஒருவர் கிண்டல் செய்வார்கள். அழுதுகொண்டே இருக்க யாராலும் முடியாது. அந்தச் சிரிப்பை எடுத்துவிட்டால் அவர்கள் வெறும் பரிதாபப் பொருளாகிவிடுவார்கள். முத்துலிங்கம் அதற்கு இடம் கொடுப்பதில்லை. அவரிடம் நான் பெரிதும் மதிப்பது இதைத்தான்.

அதே மாணவர்: ஈழத் தமிழ் புரியுமா?

தாராளமாக. பத்துப் பக்கத்தில் பழகிவிடும்.

அண்ணா நகர் வாசகர்: எழுத்து தவிர வேறு என்ன செய்தார்?

2001இல் தொடங்கிய கனடா தமிழ் இலக்கியத் தோட்டம் என்ற அமைப்பின் நிறுவனர்களில் ஒருவர். வாழ்நாள் சாதனைக்காக அது தரும் இயல் விருது முதலில் போனது நம் சுந்தர ராமசாமிக்கு. கடல் தாண்டியும் தமிழ் எழுத்தாளரைத் தேடிக் கௌரவித்தது சின்ன விஷயமில்லை.

பெரம்பூர் வாசகி: எதில் தொடங்குவது?

சரி, 'மகாராஜாவின் ரயில் வண்டி' தொகுப்பில் தொடங்குங்கள். நந்தனம் புத்தகக் காட்சி வரை காத்திருக்க முடியாதென்றால் கோட்டூர்புரம் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். ஒரே மூச்சில் முடிக்காமல், ஒரு நாளுக்கு ஒரு கதை படியுங்கள்.