இரண்டு வயதாகியும் பருவத்துக்கு வராத கிடாரி

கேள்வி: எங்கள் ஜெர்சி கலப்பினக் கிடாரிக்கு 24 மாதம் முடிந்துவிட்டது. ஒருமுறைகூடப் பருவத்துக்கு வரவில்லை. கன்றாக இருந்தபோது பாலைக் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிடுவோம். காம்பில் மிஞ்சியதுதான் அதற்கு. மூன்று மாதத்திலிருந்து வைக்கோல், மேய்ச்சல் மட்டும். மார்புச் சுற்றளவு 50 அங்குலம், உடல் நீளம் 42 அங்குலம். பருவ ஊசி போடலாமா?

பதில்: இப்போதைக்கு ஊசி வேண்டாம். சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, பிறகு நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். உங்கள் கிடாரி சுமார் 160 கிலோ. ஜெர்சி கலப்பினப் பசு சுமார் 350 கிலோ வளரும். அதில் பாதியை நெருங்கும்போதுதான் பருவமே எட்டிப்பார்க்கும். சினை ஊசிக்கு, அதாவது செயற்கைக் கருவூட்டலுக்கு, 210 முதல் 225 கிலோ இருக்கவேண்டும். நன்றாக வளர்த்த கிடாரி 15 முதல் 18 மாதத்தில் இந்த எடைக்கு வந்துவிடும். உடலில் போதிய சத்தும் கொழுப்பும் சேராதவரை சினைப்பையை இயக்கும் சுரப்பிகள் முழுதாக வேலை செய்யாது. எடை ஏறாமல் பருவ ஊசி போட்டால் பணம்தான் போகும். ஒருவேளை சினை பிடித்தாலும் இடுப்பெலும்பு வளராத கிடாரி கன்று போடச் சிரமப்படும்.

இது பிறந்தபோது கூடவே காளைக்கன்று ஏதும் பிறந்ததா? அப்படியானால் பெரும்பாலும் மலடாகவே இருக்கும். தீவனத்துக்குச் செலவிடும் முன் கால்நடை மருத்துவரிடம் கருப்பையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

குறை ஏதுமில்லை என்றால் சாணத்தைப் பரிசோதித்துக் குடற்புழு நீக்கம் செய்யுங்கள். தினமும் 15 கிலோ பசுந்தீவனம், ஒன்றரை கிலோ கலப்புத் தீவனம், 30 கிராம் தாது உப்புக் கலவை கொடுங்கள். கலப்புத் தீவனத்தை அரை கிலோவில் தொடங்கி இரண்டு வாரத்தில் ஏற்றுங்கள். திடீரென்று கூட்டினால் வயிறு புளித்துவிடும். நாளொன்றுக்கு 400, 500 கிராம் கூடினால் நாலரை மாதத்தில் 220 கிலோ வந்துவிடும். இழந்ததைப் பிடிக்கிறேன் என்று கொழுக்க வைக்காதீர்கள். கொழுத்த கிடாரி கன்று ஈன்றதும் தீனி எடுக்காமல், உடல் கொழுப்பு கரைந்து ஈரலில் போய்ச் சேரும், பாலும் குறையும்.

தாய்ப்பசு இப்போது சினையாக இருந்தால் அதையும் கவனியுங்கள். பெண் கன்றின் சினைமுட்டைகள் எல்லாம் தாய் வயிற்றிலேயே உருவாகிவிடுகின்றன. சினையின் தொடக்க மாதங்களில் தாய் பட்டினி கிடந்தால் கன்றுக்கு அந்த இருப்பே குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

அடுத்த கன்றுக்கும் இந்த நிலை வராமலிருக்க, அது பிறந்ததும் அரை மணி, ஒரு மணிக்குள் சீம்பால் குடிக்கவேண்டும். நஞ்சுக்கொடி விழட்டும் என்று சில ஊர்களில் காத்திருப்பார்கள், அது தவறு. நேரம் போகப்போகக் குடல் நோய் எதிர்ப்புச் சத்தை உறிஞ்சாது, ஒரு நாளில் அந்த வழி அடைந்தே போகும். 25 கிலோ கன்றுக்கு நாளுக்கு இரண்டரை லிட்டர் பால், இரண்டாவது வாரத்திலிருந்து கொஞ்சம் கன்றுத் தீவனம், பக்கத்தில் எப்போதும் தண்ணீர். பத்தாம் நாளை ஒட்டி முதல் குடற்புழு மருந்து, பிறகு ஆறு மாதம்வரை மாதம் ஒருமுறை.